முப்பதும் நாப்பத்தஞ்சும்

ஆகஸ்ட் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை, டாக்டர். விடியறதுக்கு முன்னாடியே பிடிச்ச மழை, விடவே இல்ல. ஆபீஸ்ல பாதிப் பேரு நனைஞ்சுதான் வந்தாங்க. மீட்டிங் ரூம் மூலையில குடையெல்லாம் விரிச்சபடி கிடந்துது. என் வீட்டுக்காரருக்கு இது எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டீங்களே, அதுக்குத்தான் சொல்றேன். காலையில பத்து மணி நாப்பது நிமிஷம். இவ்வளவு துல்லியமா உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இல்ல, அவரு வெளியிலயே இருக்கட்டும். நர்ஸ் ஒரு படிவம் குடுத்திருக்காங்க, அதை நிரப்பிட்டிருக்காரு. அவருக்குப் படிவம்னா உயிரு. ஒரு கட்டத்தைக்கூட விட மாட்டாரு. கண்ணாடிக் கதவு வழியாத் தெரியுது பாருங்க, நீலச் சட்டை. பேனாவை மூடி மூடித் திறக்கறாரே, அவருதான்.

அன்னிக்கு நடந்தது புரியணும்னா எங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நேரம் இருக்கா? சரி. நாங்க ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ். பஸ் ஸ்டாப்ல பலகை இருக்குல்ல, எந்த பஸ் எத்தனை நிமிஷத்துல வரும்னு காட்டுமே, அதுக்கான மென்பொருள் எழுதற கம்பெனி. நாப்பது பேரு நாப்பது மூலையில உக்காந்து எழுதுவாங்க. அத்தனையையும் ஒண்ணு சேர்த்து, சரியா வேலை செய்யுதான்னு பரிசோதிச்சு, ஒரே பொட்டலமாக் கட்டிக் குடுக்கறதுக்குன்னு தனியா ஒரு மெஷின் உண்டு. பில்ட் சர்வர்னு சொல்வோம். அது அவரு பொறுப்பு. கட்டின பொட்டலம் வெளியில போகலாமா கூடாதான்னு பாத்துக் கையெழுத்துப் போடறது என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான். அவரு கட்டிக் குடுப்பாரு, நான் குறை கண்டுபிடிப்பேன். அதைச் சொல்லித்தான் எங்க கல்யாணத்துல எல்லாரும் சிரிச்சாங்க.

அந்த மெஷின் முதல்ல எதைச் செய்யணும், அடுத்து எதைச் செய்யணும், எதுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சில ஃபைல்கள்ல எழுதியிருக்கும். முன்னெல்லாம் அதை யாரு வேணும்னாலும் திரையில நாலு இடத்துல அமுக்கி மாத்திட்டுப் போயிடுவாங்க. யாரு மாத்தினாங்க, எதுக்கு மாத்தினாங்க, ஒண்ணும் தெரியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் அதோட டிஸ்க் செத்துப் போச்சு. திரும்ப நிக்க வைக்க ஒன்பது நாள் ஆச்சு, டாக்டர். ஏன்னா எந்த எண்ணு எங்க இருக்கணும்ங்கறது மனுஷங்க மண்டையில மட்டும்தான் இருந்துது. ஒருத்தர் இருபதுங்கறாரு, ஒருத்தர் இருபத்தஞ்சுங்கறாரு. அந்த நேரம் பாத்துப் பலகையில வேற ஒரு கோளாறு, கடைசி பஸ் இன்னும் மூணு நிமிஷத்துல வரும்னு நாள் முழுக்கக் காட்டிட்டிருக்கு. திருத்தம் தயாரா இருக்கு, கட்டி அனுப்ப மெஷின் இல்ல. பஸ் ஸ்டாப்ல நின்னவங்க எங்க கம்பெனியைத் திட்டின திட்டு இருக்கே, அதை இங்க சொல்ல முடியாது.

அதுக்கப்புறம்தான் அவரு எல்லா ஃபைலையும் வெர்ஷன் கன்ட்ரோலுக்குள்ள கொண்டுவந்தாரு. ஒண்ணுமில்ல, பெரிய ஒரு பதிவேடுன்னு வெச்சுக்கங்க. ஒரு எழுத்தை மாத்தினாலும் முன்ன என்ன இருந்துது, இப்ப என்ன ஆச்சு, யாரு, எந்த நாள், எத்தனை மணி, எல்லாம் அதுல உக்காந்துடும். அதோட, எதுக்கு மாத்தினேன்னு மாத்தினவங்களே ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரியிலதான் அவரு எல்லார் உயிரையும் எடுத்தாரு. முழு வாக்கியமா இருக்கணும். ஒருத்தன் காரணம்ங்கற இடத்துல சும்மான்னு எழுதிட்டான். அவன் சீட்டுக்கிட்டயே போயி நின்னுட்டாரு. சும்மா மாத்தினியா, இல்ல சும்மா எழுதினியா, எதுன்னு சொல்லுங்கறாரு. அன்னிலேர்ந்து அந்த ஆளு இவருக்கு ரிஜிஸ்ட்ரார்னு பேரு வெச்சுட்டான். பிறந்தது, செத்தது எல்லாத்தையும் பதிஞ்சாத்தான் ரிஜிஸ்ட்ராருக்குத் தூக்கம் வரும்னு கிண்டல். இவருக்கும் உள்ளூர சந்தோஷம்தான். வீட்டுல என் மக ஏதாவது பொருளை இடம் மாத்தி வெச்சாக்கூட, காரணம் எழுதினியாம்மான்னு கேப்பாரு.

ஆங், அந்தச் செவ்வாய்க்கிழமை. வர்றேன்.

முதல் நாள், திங்கக்கிழமை, மெஷின் மூணு தடவை பாதியில நின்னுடுச்சு. காரணம் ஒரே ஒரு எண்ணு. பரிசோதனை முடிய எத்தனை நிமிஷம் காத்திருக்கணும்ங்கற எண்ணு. நாப்பத்தஞ்சு இருக்க வேண்டிய இடத்துல முப்பது இருக்கு. இவரு அதை நாப்பத்தஞ்சா மாத்திட்டாரு. பதிவேட்டைப் பாத்தா அதே எண்ணு மூணு வாரமா முப்பது, நாப்பத்தஞ்சு, முப்பது, நாப்பத்தஞ்சுன்னு ஊஞ்சலாடிட்டிருக்குன்னு தெரியுது. எந்தப் பேருன்னு கவனிக்கல. அவரு பாத்தது எண்ணை மட்டும். வந்ததே கோபம். யாரோ விளையாடறாங்க, நாளைக்கு எல்லாரும் மீட்டிங் ரூமுக்கு வாங்க, திரையில போட்டே காட்டறேன்னு மெயில் அனுப்பிட்டாரு. அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதே பேச்சு. நான் சொன்னேன், எல்லாரையும் கூப்பிட்டு எதுக்குங்க, நானே பாத்துச் சொல்லிடறேன்னு. கேக்கல. தப்பு செஞ்சவனை நாலு பேரு முன்னாடி நிறுத்தினாத்தான் புத்தி வரும்னாரு.

ஒன்பது பேரு இருந்தோம். புரொஜெக்டரைப் போட்டாரு. சுவத்துல பெருசா வந்துது. வரிசையா ஒன்பது மாற்றம். இடது பக்கம் பேரு. ஒன்பதுலயும் அவரு பேரு.

அவருக்கு உடனே தெரியல, டாக்டர். அவரு பாட்டுக்கு எங்களைப் பாத்துப் பேசிட்டிருக்காரு, திரை அவரு முதுகுக்குப் பின்னால. இதைச் செஞ்சவங்க தானா எழுந்து நின்னா ஒண்ணும் சொல்ல மாட்டேன்ங்கறாரு. ரிஜிஸ்ட்ரார்னு பேரு வெச்சானே, வாய் ஓயாத ஆளு, அவன்தான் முதல்ல படிச்சிருக்கணும். குனிஞ்சு ஷூ கயித்தை அவுத்து அவுத்துக் கட்டறான். டீம் லீடரம்மா எழுந்து, சார், புரொஜெக்டர் சூடாயிடுச்சு போல, அப்புறம் பாக்கலாமேன்னாங்க. விளையாடாதீங்கம்மான்னு சொல்லிட்டுத் திரும்பினாரு.

இடது பக்கத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சாரு.

முதல்ல, யாரோ என் பாஸ்வேர்டைத் திருடியிருக்காங்கன்னாரு. அப்புறம் காரணம் எழுதியிருக்கற பக்கத்தை விரல் வெச்சுப் படிக்க ஆரம்பிச்சாரு, வாய்விட்டு. பரிசோதனை முடிய முப்பத்தாறு நிமிடம் ஆகிறது, முப்பதில் அறுபட்டுவிடுகிறது, எனவே வரம்பை நாற்பத்தைந்தாக உயர்த்துகிறேன். இது ஒண்ணு. ரெண்டு நாள் கழிச்சு, நாற்பத்தைந்து தேவைக்கு மேல், இதற்கான காரணம் எங்கும் பதிவாகவில்லை, பழையபடி முப்பதாக்குகிறேன். காரணம் அதுக்கு நேர் மேல இருக்கு, டாக்டர், ஒரு விரல்கடை தூரத்துல. அதுக்கு அடுத்த வரி மறுபடி, பரிசோதனை முடிய முப்பத்தாறு நிமிடம் ஆகிறது. ஒவ்வொண்ணும் இன்னிக்குத்தான் முதல் தடவையாக் கண்டுபிடிச்ச மாதிரி, அவ்வளவு அக்கறையா எழுதியிருக்காரு. அஞ்சாவது வரி படிக்கும்போது நிறுத்திட்டாரு. எங்க பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னாரு, இப்படி முழு வாக்கியம் இந்த ஆபீஸ்ல வேற எவனும் எழுத மாட்டான், இது நான்தான்.

எனக்குத் தண்ணி வேண்டாம், டாக்டர். பரவாயில்ல.

அப்புறம் என்ன செஞ்சாரு தெரியுமா? அழல, கத்தல. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. அந்த ஃபைல்களைத் தொட அனுமதி உள்ளவங்க பட்டியல்னு ஒண்ணு உண்டு, அதைத் திறந்தாரு. அதுலேர்ந்து தன் பேரை எடுத்தாரு. காரணம் எழுதற இடத்துல, நாங்க ஒன்பது பேரும் சுவத்துல பாத்துட்டே இருக்கோம், ஒவ்வொரு எழுத்தாத் தட்டறாரு. என் மாற்றங்களை இனி நம்ப இயலாது. எனவே என் பெயரை நீக்குகிறேன். அந்தப் பட்டியலை மட்டும் யாரு மாத்தினாலும் இன்னொருத்தர் பாத்து ஒப்புதல் குடுக்கணும். அது அவரு போட்ட விதிதான். ஒப்புதல் குடுக்கற உரிமை ரெண்டே பேருக்கு, அவருக்கும் எனக்கும். அவரு செஞ்சதுக்கு அவரே ஒப்புதல் குடுக்க முடியாது. என்னைத் திரும்பிப் பாத்தாரு. நான் என் லேப்டாப்புல அமுக்கினேன்.

அவ்வளவுதான். பத்து நாளைக்குள்ள உங்ககிட்டக் கூட்டிட்டு வந்துட்டேன். நாங்க ஒண்ணும் தாமதம் பண்ணல.

என்னது?

ஸ்கேன்ல அப்படியா தெரியுது? ஒரு வருஷத்துக்கும் மேலயா? இல்ல டாக்டர், அவரு நல்லாத்தானே இருந்தாரு. வண்டி ஓட்டினாரு. மகளுக்குக் காலேஜ் கணக்கு சொல்லிக் குடுத்தாரு. என் நாத்தனார், அவரோட அக்கா, வாரம் தவறாமப் போன்ல பேசறவங்க. அவங்களுக்கே ஒண்ணும் தெரியலையே. சாவியை எங்க வெச்சேன்னு தேடுவாரு, அது யாரு தேடல? கேட்டதையே திரும்பக் கேப்பாரு. அதுக்கு அவரு அக்கா, நீ சின்ன வயசுலயே அப்படித்தான்டான்னு சிரிப்பாங்க.

வேலையிலயா? வேலையில ஒண்ணும் இல்ல. வேலையில இருந்தா பதிவேட்டுல இருந்திருக்குமே.

டாக்டர், ஒண்ணு கேக்கறேன். சரியான தேதி தெரிஞ்சா அதனால உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? அதாவது, மருந்து மாறுமா? இல்ல எழுதி வெச்சுக்கறதுக்காக மட்டும் கேக்கறீங்களா? மாறும்ங்கறீங்க. எவ்வளவு வேகமாப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் என்ன குடுக்கறதுன்னு முடிவு பண்ண முடியும். தப்பான தேதி சொன்னா தப்பான மருந்து. சரி.

அப்ப ஆகஸ்ட்டுன்னு எழுதினதை அடிச்சுடுங்க. போன வருஷம் பிப்ரவரின்னு போடுங்க. ஆறாம் தேதி.

அன்னிக்கு நான் வழக்கம்போல எல்லாருக்கும் முன்னாடி ஆபீஸ் போயிருந்தேன். ரிலீஸ் நாள், பொட்டலம் வெளியில போற நாள். பதிவேட்டைப் புரட்டறேன், முந்தின நாள் இவரு ஒண்ணை மாத்தியிருக்காரு, மத்தியானம் அதையே பழையபடி ஆக்கியிருக்காரு, சாயங்காலம் மறுபடி மாத்தியிருக்காரு. மூணுக்கும் நீளமாக் காரணம். நான் சிரிச்சேன், டாக்டர், முதல்ல. களைச்சுப் போயிட்டாருன்னு நினைச்சேன். இதை அந்த வாயாடி பாத்தா ஒரு மாசத்துக்கு விட மாட்டானேன்னு தோணிச்சு. ரிஜிஸ்ட்ராரே ரெண்டு தடவை பதிஞ்சுட்டாருன்னு ஊரைக் கூட்டுவான். அந்தப் பதிவேட்டுல நடுவுல உள்ள வரிகளை எடுத்துட்டு மேலயும் கீழயும் ஒட்ட வைக்க ஒரு வழி இருக்கு. செய்யவே கூடாதுன்னு அவரு முதல் பக்கத்துலயே எழுதி வெச்சிருக்காரு. ஆனா செய்ய முடியும். என்கிட்டயும் சாவி இருந்துது. சட்டையில கறை பட்டா நாலு பேரு பாக்கறதுக்கு முன்னாடி அலசிப் போடறதில்லையா, அந்த மாதிரிதான் நினைச்சேன். ரெண்டு வரியை எடுத்துட்டேன். வேற யாரும் பாக்கல.

ஒரு தடவைதான்னு நினைச்சேன். மார்ச்சுல நாலு தடவை வந்துது. அதுக்கப்புறம் நான் எண்ணல. இல்ல, பொய். எண்ணினேன். மொத்தம் நூத்தி முப்பத்தெட்டு வரி.

தெரியாமலா இருக்கும் எனக்கு? அவரு பக்கத்துல படுக்கறவ நான். ஆனா பகல்ல அவரு ஆபீஸ்ல நடந்து வர்றப்ப எல்லாரும் முதுகை நிமித்தி உக்காருவாங்க பாருங்க, அதை நான் இருபது வருஷமாப் பாத்துட்டிருக்கேன். அது போயிடும்னு பயந்தேன். இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னு தள்ளினேன்.

இந்த வருஷ ஆரம்பத்துலேர்ந்து அவரு பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு வெச்சுக்கிட்டாரு. அன்னன்னிக்குச் செஞ்சதைக் கையால எழுதுவாரு. ஜூலைல ஒரு நாள் அந்த நோட்டையும் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்திருக்காரு. வீட்டுக்கு வந்ததும் என்கிட்டக் காட்டறாரு. பதினோராம் தேதி மாத்தினேன்னு என் கையெழுத்துல இருக்கு, பதிவேட்டுல இல்ல; ஒண்ணு நான் பொய் எழுதறேன், இல்ல எவனோ திருடறான்ங்கறாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? தேதியை மாத்தி எழுதியிருப்பீங்கன்னு சொன்னேன். அந்த நோட்டுல முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் திருப்பித் தேதியைப் பாத்தாரு. அப்புறம், இல்ல, திருட்டுதான்னாரு. மறுநாளே பதிவேட்டைப் பூட்டிட்டாரு. இனிமே யாரும், தானேகூட, ஒரு வரியும் எடுக்க முடியாத மாதிரி. அதனாலதான் ஆகஸ்ட்ல ஒன்பது வரியும் அப்படியே இருந்துது. எண்ணை ஆட்டறவனும் அந்தத் திருடனும் ஒரே ஆள்னு நினைச்சுத்தான் எல்லாரையும் கூப்பிட்டாரு. நான் அவருகிட்டேர்ந்து மூணாவது நாற்காலியில உக்காந்திருந்தேன்.

இன்னும் அவருக்குத் தெரியாது. காலையில பல் தேய்க்கும்போது கேப்பாரு, வரியைத் திருடின அந்த ஆளைக் கண்டுபிடிச்சியா? இன்னும் இல்லைங்கன்னு சொல்லுவேன். மத்ததெல்லாம் மறந்துடுது, டாக்டர், இது மட்டும் மறக்க மாட்டேங்குது.

இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் எழுதிக்கங்க, உங்களுக்கு உதவுமோ என்னவோ.

போன வருஷம் ஜூன் பதினஞ்சு, சனிக்கிழமை. காலையில டீ குடிச்சிட்டிருந்தோம். எனக்கு என்னமோ மறதி வருதுன்னு தோணுதுன்னாரு. சாதாரணமாத்தான் சொன்னாரு, ஆனா டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருந்தாரு. டாக்டர்கிட்ட நாளு குறிச்சிட்டேன்னாரு, புதன்கிழமை பதினொண்ணரைக்கு. அதுக்கு முன்னாடி நானே ஒரு பரிசோதனை பண்ணிப் பாத்துக்கறேன். எனக்கு நிஜமாவே மறதி இருந்தா, செஞ்சதையே திரும்பச் செஞ்சிருப்பேன், செஞ்சிருந்தா பதிவேட்டுல இருக்கும், மனுஷன் சொல்றதை நம்ப வேண்டாம், அது பொய் சொல்லாது அப்படின்னாரு. லேப்டாப்பைத் திறந்தாரு. நாலு மாசத்தையும் ஒவ்வொரு வரியாப் பாத்தாரு. முக்கால் மணி நேரம். நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட.

ஒரு தப்பும் இல்ல. சுத்தமா இருந்துது. லேப்டாப்பை மூடிட்டுச் சிரிச்சாரு பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. நானே என்னைப் பயமுறுத்திக்கிட்டேன் பாத்தியா, அந்தப் புதன்கிழமையை வேண்டாம்னு சொல்லிடுன்னாரு. நான் போன் பண்ணி ரத்து பண்ணிட்டேன்.

எந்த டாக்டரா? இங்கதான். உங்ககிட்டத்தான் குறிச்சிருந்தாரு. உங்க கம்ப்யூட்டர்ல பாருங்க, இருக்கும்.

போனை எடுத்த பொண்ணு வேற நாள் வேணுமான்னு கேட்டா, வேண்டாம்னு சொன்னேன். மத்தியானம் ரெண்டு பேரும் கடைக்குப் போயி அவருக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினோம். அன்னிக்கு அவரு நல்லாத் தூங்கினாரு. திங்கக்கிழமை நான் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாடியே ஆபீஸ் போனேன். வெள்ளிக்கிழமை அவரு செஞ்சதுல மூணு வரி அதிகமா இருந்துது. அவரு சனிக்கிழமை அதைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமத் தாண்டிப் போயிட்டாரா, இல்ல கவனிக்கவே இல்லையான்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. எடுத்துட்டேன்.